பெய்ஜிங் வரை போன பொங்கல் மலர்

காப்புரிமைப் பிரிவில் இந்த ஆண்டு சேர்ந்த உங்களில் மூவர், சீனாவில் வழக்கு நடத்திய அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். வென்ற வழக்குகளின் கோப்புகள் அலுவலகத்திலேயே இருக்கின்றன, அவற்றை வாசித்துக்கொள்ளலாம். நான் எழுதப்போவது கோப்பில் முழுமையாக இல்லாத ஒன்று. அதில் நடந்த தவறு என்னுடையது. நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு உண்டு என்பதால் பெரும்பகுதியை அதைப் பார்த்தே எழுதுகிறேன். நினைவை மட்டும் நம்பி எழுதும் இடங்களில் அப்படிச் சொல்லிவிடுவேன்.

அப்போது மெல்பர்னின் மல்கிரேவில் நாங்கள் நாற்பது பேர்தான்; காப்புரிமை வேலைகளை நான் ஒருத்தியே பார்த்தேன். மூச்சுத் திணறல் உள்ள நோயாளிகளுக்கு ஆக்சிஜன் போகும் மெல்லிய குழாயில் மாட்டும் ஒரு சிறிய கவ்வி எங்கள் முக்கியப் பொருள். நோயாளி புரண்டு படுத்துக் குழாய் மடங்கிவிட்டால் கவ்வி சத்தமிடும். எளிய பொருள். எளிய பொருளைப் பார்த்துச் செய்வதும் எளிது. சீனாவில் ஒரு மருத்துவமனைக் குழுமம் எங்கள் கவ்வியை வாங்கத் தொடங்கிய சில மாதங்களில், அங்குள்ள ஒரு நிறுவனம் அதே போன்ற கவ்வியை விற்கத் தொடங்கியது. எங்களிடம் சீனக் காப்புரிமை இருந்தது. வழக்குப் போட்டோம்.

சீனாவில் ஒரு நிறுவனத்தின் மீது இப்படி வழக்குப் போட்டால், அடுத்து நடப்பது ஏறத்தாழ நிச்சயம். "இவர்களுடைய காப்புரிமையே செல்லாது" என்று எதிர்த்தரப்பு பெய்ஜிங்கில் மனுப் போடும். நாம் விண்ணப்பித்த நாளுக்கு முன்பே அந்தக் கண்டுபிடிப்பு உலகில் எங்காவது, எந்த மொழியிலாவது வெளியாகியிருந்தது என்று காட்டிவிட்டால் போதும், காப்புரிமை விழுந்துவிடும். விழுந்தால் வழக்கும் விழும். மருத்துவமனைக் குழுமம் விலை குறைந்த பக்கம் போய்விடும். அந்த ஏற்றுமதியை நம்பி எங்கள் பொருத்தும் மேசைக்குப் புதிதாக ஒன்பது பேரை எடுத்திருந்தோம். அவர்களில் ரஞ்சி என்பவரை உங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது. நோபல் பார்க்கில் இருந்து வருவார். வன்னியில் இருந்து புறப்பட்டுப் பல முகாம்களைக் கடந்து இந்த நாட்டுக்கு வந்தவர். கவ்வியின் சுருள்வில்லைக் கையால் பொருத்துவதில் அவருக்கு நிகராக யாரும் இல்லை.

எதிர்த்தரப்பின் சான்றுகள் ஒரு திங்கட்கிழமை மின்னஞ்சலில் வந்தன. பக்கம் பக்கமாகச் சீன எழுத்து. எங்கள் நிறுவனத் தலைவர் கிரெக் அதைத் திரையில் உருட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இது உன்னுடைய மொழி மாதிரி இருக்கிறதே?"

என்னுடைய மொழி மட்டுமல்ல. என்னுடைய கட்டுரை. கட்டுரையின் நடுவில் நானே வரைந்த படம். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் மலருக்காக எழுதியது. காப்புரிமைக்கு விண்ணப்பிப்பதற்கு மூன்று மாதம் முன்பு.

ஏன் எழுதினேன் என்று கேட்பீர்கள். மலராசிரியர் சிவபாலன் அங்கிள், பிள்ளைகள் வாசிக்க ஓர் அறிவியல் கட்டுரை வேண்டும் என்று இரண்டு வாரம் தொலைபேசியில் விடாமல் கேட்டார். கிரெக் என்னிடம், "விண்ணப்பிப்பதற்கு முன்னால் எழுதலாமா?" என்று கேட்டார். "எழுதலாம், ஓராண்டு அவகாசம் இருக்கிறது" என்று சொன்னது நான்தான். ஆஸ்திரேலியச் சட்டப்படி அது சரி: கண்டுபிடித்தவர்களே முன்கூட்டி வெளியிட்டுவிட்டாலும், ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மன்னிப்பு உண்டு. சீனாவில் அப்படிப்பட்ட மன்னிப்பு ஏறத்தாழ இல்லை. மெல்பர்னில் இருந்துகொண்டு மெல்பர்ன் சட்டத்தைப் பார்த்தேன். சீனாவில் நாங்கள் விற்போம் என்று அன்று யாரும் நினைக்கவில்லை. அது காரணம்தான், சமாதானம் ஆகாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். படத்தை ஏனோதானோ என்று வரைந்திருந்தால் அது சான்றாக நின்றிருக்காது. நான் அளவுகோல் வைத்து வரைந்திருந்தேன். பாகங்களுக்கு எண் போட்டிருந்தேன். காப்புரிமை விண்ணப்பத்தில் இருந்த படத்தைவிட மலரில் இருந்த படம் தெளிவாக இருந்தது.

எதிர்த்தரப்பு இந்த மலரை இங்குள்ள பெரிய நூலகம் ஒன்றில் கண்டுபிடித்திருந்தது. இந்த மாநிலத்தில் அச்சாகும் எதையும் அங்கே ஒரு பிரதி கொடுக்க வேண்டும் என்பது விதி. பல சங்கங்கள் கொடுப்பதில்லை. சிவபாலன் அங்கிள் கொடுத்திருந்தார். ஆனால் ஆண்டுக் கடைசியில்தான் கொடுத்திருந்தார். நூலக முத்திரையின் தேதி எங்கள் விண்ணப்பத்துக்குப் பல மாதம் பிந்தியது. ஆகவே கேள்வி ஒன்றே ஒன்றாகச் சுருங்கியது: பொங்கலுக்கும் எங்கள் விண்ணப்ப நாளுக்கும் இடையில், அந்த மலர் பொதுமக்களில் எவருக்காவது கிடைக்கும்படி இருந்ததா?

பெய்ஜிங்கில் எங்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் காணொளியில் வந்தார். என் வயதுதான் இருக்கும். எப்போதும் முதலில் நல்ல செய்தியைச் சொல்பவர்.

"அட்டையில் தலைப்புக்குக் கீழே ஒரு சொல் இருக்கிறது. எதிர்த்தரப்பினர் அதை 'எங்கள் உறுப்பினர்களுக்கு' என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். இது அவர்களாகவே நமக்குக் கொடுத்த பரிசு. ஒரு குழுவுக்குள் மட்டும் சுற்றி, வெளியே போகக்கூடாது என்று வைத்திருந்த அச்சுப்பிரதியை இங்கே பொது வெளியீடாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் மொழிபெயர்ப்பை நாம் மறுக்காவிட்டால் அதுவே நிற்கும். அதோடு ஆசிரியரிடமும் உங்களிடமும் ஓர் உறுதிமொழி வேண்டும்: மலர் சங்கத்துக்குள் மட்டுமே கொடுக்கப்பட்டது என்று."

அட்டையில் இருந்த சொல் 'எம்மவருக்காக'.

அந்தச் சனிக்கிழமை நோபல் பார்க்கில் சிவபாலன் அங்கிள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறக்கும்போதே, "என்ன பிள்ளை, கட்டுரை கொண்டு வந்தனியோ?" என்றார்.

"இல்லை அங்கிள். பழைய கட்டுரையால ஒரு பிரச்சினை."

அவர் முகம் மாறியது. "எழுத்துப் பிழையோ? மூண்டு தரம் புரூஃப் பாத்தனான்."

"பிழை ஒண்டும் இல்லை. அதுதான் பிரச்சினை. சீனாவில ஒரு வழக்கில எங்களுக்கு எதிரா அதைக் காட்டியிருக்கினம்."

"சீனாவில எங்கட மலரை வாசிக்கினமோ?" அவர் பயப்படுவார் என்று நினைத்துப் போயிருந்தேன். அவர் குசினிப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "இஞ்சேரும், எங்கட மலர் பெய்ஜிங்குக்குப் போயிருக்காம்!"

கதிரையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொல்லி முடிக்க அரைமணி ஆனது. பிறகு கேட்டேன்: "அட்டையில எம்மவருக்காக எண்டு போட்டிருக்கிறியள். எம்மவர் எண்டா ஆர், அங்கிள்?"

"எம்மவர் எண்டா எம்மவர்தான்."

"சங்கத்தில சேந்த ஆக்களோ?"

"சேர்ந்த ஆக்களை நம்பினா மலர் போடேலுமே? தமிழ் வாசிக்கத் தெரிஞ்ச எல்லாரும் எம்மவர்தான். வாசிக்கத் தெரியாதவையும் எம்மவர்தான், அவையள் படம் பாப்பினம்."

"வெளியில ஆருக்கும் குடுத்தனீங்களோ?"

அவர் யோசித்தார். "மண்டபத்தில வந்த சங்கத்து ஆக்களுக்குத்தான் குடுத்தனான். மிச்சம் கராஜுக்குள்ள கிடந்தது. நூலகத்துக்குப் பிறகுதான் அனுப்பினனான். வேற எங்கயும் போனதா ஞாபகம் இல்லை." பிறகு என் முகத்தைப் பார்த்து, "உனக்கு என்ன வேணுமோ எழுதிக்கொண்டு வா பிள்ளை, நான் கையெழுத்து வைக்கிறன். எங்கட பிள்ளையின்ர வேலையெல்லே?" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அவருக்குத் தெரிந்தவரை மலர் வெளியே போகவில்லை. என் உறுதிமொழியும் அவருடையதைப் போல இருந்தால் வேலை முடிந்தது.

ஆனால் எந்த ஆவணத்திலும் கையெழுத்து வைக்கும் முன் அந்த நாட்களின் குறிப்பைப் பார்ப்பது என் வழக்கம். ஞாயிறு காலை பெட்டியைத் திறந்து அந்த ஆண்டின் நாட்குறிப்பை எடுத்தேன். பொங்கல் முடிந்த அடுத்த சனிக்கிழமையில் இப்படி இருந்தது: "அங்கிளின் கராஜில் இருந்து மலர் 12. கிளென் வேவர்லி மசாலாக் கடை, காசு மேசைப் பக்கம் வைத்தேன், கடைக்காரரிடம் கேட்டு. இலவசம் என்று தாள் ஒட்டினேன்." அதற்கடுத்த சனி: "கடையில் மலர் 0."

நான் அதை அடியோடு மறந்திருந்தேன். நாட்குறிப்பு வைக்காதவளாக இருந்திருந்தால், உறுதிமொழியில் நல்ல மனத்தோடு கையெழுத்து வைத்திருப்பேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக வித்யாவைப் பார்த்தேன். வித்யா எங்கள் பொறியாளர், கோயம்புத்தூர்க்காரி. காப்புரிமையில் 'இது எங்களுடையது' என்று எண் போட்டு எழுதும் வரிகள் உண்டு அல்லவா, அவற்றில் முதல் வரி கவ்வியின் அடிப்படை அமைப்பு. அது கிரெக்கின் யோசனை. நான்காவது வரி வித்யாவுடையது. குழாயில் நீர் கோத்தால் கவ்வி காரணமில்லாமல் சத்தமிடும். அதைத் தடுக்க ஈரத்தைக் கணக்கிட்டுத் தானே திருத்திக்கொள்ளும் ஒரு பட்டையை அவர் சேர்த்திருந்தார். அவருடைய பெயர் ஏறிய முதல் காப்புரிமை அது.

நாட்குறிப்பை அவர் முன் திறந்து வைத்தேன். அவர் இரண்டு முறை வாசித்தார்.

"அக்கா, பன்னெண்டு காப்பி. மசாலாக் கடையில. சாம்பார் பொடி வாங்க வந்தவங்க யாராவது ஆக்சிஜன் கவ்வி செஞ்சு சீனாவுக்கு வித்துட்டாங்களா?"

"வாசிச்சவையோ எண்டது கேள்வி இல்லை. வாசிச்சிருக்கலாமோ எண்டதுதான் கேள்வி."

"இது உங்க டைரி. நீங்க சொல்லலைன்னா யாருக்குத் தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியாது."

"அப்புறம் என்ன?" என்று சொல்லிவிட்டுக் குனிந்து மறுபடியும் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். "இது எந்தக் கடை, அக்கா? ஸ்டேஷன் பக்கத்துல, வாசல்ல வாழையிலை வச்சிருப்பாங்களே, அதுவா?"

"ஓம்."

வித்யா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இந்தப் பன்னெண்டுல ஒண்ணு எங்க வீட்ல இருக்கு."

அவர் இந்த நாட்டுக்கு வந்து வேலை தேடிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. கடையில் தமிழ் எழுத்தைப் பார்த்து ஒன்றை எடுத்துப் போயிருக்கிறார். என் கட்டுரையின் கடைசிப் பத்தியில், "ஈரம் பட்டால் கவ்வி தவறாகச் சத்தமிடுகிறது, இதற்கு விடை தேடிக்கொண்டிருக்கிறோம்" என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத்தான் எங்களுக்கு விண்ணப்பம் அனுப்பினார். நேர்முகத்தில் "உங்க வேலையைப் பத்திப் படிச்சேன்" என்று அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. எங்கள் இணையதளத்தைச் சொல்கிறார் என்று எல்லோரும் நினைத்தோம். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரத்தில் பட்டை யோசனையோடு வந்தார்.

"நான் சங்கத்துல இல்ல. சிலோன்காரியும் இல்ல. அன்னிக்கு இந்த ஊர்ல எனக்கு ஒருத்தரையும் தெரியாது," என்றார். "நான் எம்மவரா, அக்கா?"

"அங்கிளைக் கேட்டா ஓம் எண்டுதான் சொல்லுவார்."

"நல்லாப் போச்சு. அப்ப பொதுஜனமே நான்தான்." சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "நாம ரெண்டு பேரும் மறந்துட்டா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை நீங்களும் ஒருநாள் கேட்பீர்கள், அல்லது உங்களிடம் யாராவது கேட்பார்கள். அன்று நான் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்: "மறக்கிறது வேற. மறந்ததா எழுதிக் கையெழுத்து வைக்கிறது வேற. நான் வைக்கேலாது. நீர் என்ன செய்யிறீர் எண்டது உம்முடைய முடிவு."

"நீர் நீர்னு சொல்லாதீங்க, தண்ணி ஞாபகம் வருது. ஏற்கெனவே ஈரத்தாலதான் இந்தப் பாடு," என்றார். எழுந்து முன்னால் நடந்தார். "வாங்க, கிரெக்கிட்ட போலாம்."

பிற்பகல் பெய்ஜிங்கோடு மீண்டும் காணொளி. கிரெக், வித்யா, நான். குறிப்பைத் தமிழில் வாசித்து ஆங்கிலத்தில் சொன்னேன். 'எம்மவர்' என்ற சொல்லில் உறுப்பினர் என்ற பொருளும் இல்லை, மட்டும் என்ற பொருளும் இல்லை என்பதையும் சொன்னேன். வழக்கறிஞர் கேட்டார்:

"எத்தனை பிரதி?"

"பன்னிரண்டு."

"எண்ணினீர்களா?"

"எண்ணித்தான் வைத்தேன். அடுத்த வாரம் போய்ப் பார்த்தேன், ஒன்றும் இல்லை."

"உங்களை எதிர்த்தரப்பு முதலில் சந்திக்காதது என் அதிர்ஷ்டம்," என்றார். பிறகு குரல் மாறியது. "அப்படியானால் உறுதிமொழி வேண்டாம். உள்வட்ட மலர் என்ற வாதத்தை நான் எழுத மாட்டேன். தெரியாமல் இருந்தால் எழுதியிருப்பேன். முதல் வரியை விட்டுக்கொடுப்போம். நான்காவது வரியை மட்டும் பிடித்துக்கொள்வோம். அது மலரில் இல்லை."

கிரெக் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் வரிக்காக அவர் செலவிட்ட ஆண்டுகள் எனக்குத் தெரியும். நான் மன்னிப்புக் கேட்டேன். "ஓராண்டு அவகாசம் இருக்கிறது என்று நீ சொன்னாய்," என்றார். "ஆம், சொன்னேன்," என்றேன். சில வாரம் கழித்து, இனி இந்த நிறுவனத்தில் யார் எதை எங்கே எழுதினாலும் முதலில் என் மேசைக்கு வரவேண்டும் என்று உத்தரவு போட்டார். நீங்கள் இன்று சலித்துக்கொண்டே நிரப்பும் அந்தப் படிவத்தின் பிறப்பு அதுதான்.

பெய்ஜிங்கில் விசாரணை ஒரே நாளில் முடிந்தது. எதிர்த்தரப்பு மசாலாக் கடையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர்களுக்கு அது தெரியாது. உறுதிமொழியைக் கொடுத்திருந்தால் வென்றிருப்போமா என்று கேட்டால், வென்றிருக்கலாம் என்பதுதான் நேர்மையான பதில். பொய் சொன்னால் எப்படியும் பிடிபடும் என்று உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். அப்படி ஒன்றும் இல்லை. பிடிபடாத வாய்ப்பு நிறையவே இருந்தது என்பதைத் தெரிந்துகொண்டுதான் முடிவு எடுக்க வேண்டியிருந்தது.

நான்காவது வரி நிலைத்தது. வித்யாவின் பெயர் இன்றும் அதில் இருக்கிறது. எதிர்த்தரப்பு அந்தப் பட்டையை மட்டும் எடுத்துவிட்டு, ஈரத்தில் கத்தும் பழைய மாதிரியைத் தொடர்ந்து விற்றது. அதைத் தடுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. மருத்துவமனைக் குழுமத்தில் பாதி மருத்துவமனைகள் விலை பார்த்து அந்தப் பக்கம் போயின. மீதிப் பாதி பட்டை உள்ள எங்கள் கவ்வியையே வாங்கியது. ஒன்பது பேரில் ஐந்து பேரை அனுப்ப வேண்டியதாயிற்று. கடைசியாகச் சேர்ந்தவர்கள் முதலில் என்ற முறைப்படி. ரஞ்சி அந்த ஐவரில் ஒருவர்.

இனி வரும் உரையாடலை அன்று நான் குறிக்கவில்லை. நினைவில் இருந்து எழுதுகிறேன். வேலையின் கடைசி நாளில் ரஞ்சி என் மேசைக்கு வந்தார். நான் கையெழுத்து வைக்காத உறுதிமொழிக் கடிதத்தின் கதை பொருத்தும் மேசை வரை போயிருந்தது.

"அக்கா, ஒண்டு கேக்கட்டே? அந்தக் கடிதத்தில நீங்கள் கையெழுத்து வைச்சிருந்தா எனக்கு வேலை இருந்திருக்குமோ?"

"இருந்திருக்கலாம், ரஞ்சி."

"அப்ப, தெரிஞ்சுதான் வைக்கேல்லை."

"ஓம். தெரிஞ்சுதான்."

அவர் என் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டுவதற்கு அவருக்கு உரிமை இருந்தது.

"நல்ல காரியம் செய்தனீங்கள் எண்டு நான் சொல்ல மாட்டன்," என்றார். "எனக்கு ரெண்டு பிள்ளையள். டண்டினோங்கில ஒரு ஃபாக்டரியில திங்கட்கிழமை வந்து வேலை கேக்கச் சொல்லியிருக்கினம். ரெஃபரன்ஸ் ஒண்டு வேணும். சூப்பர்வைசர் தாறன் எண்டவர், நான் வேண்டாம் எண்டுட்டன்." பக்கத்துக் கதிரையை இழுத்து என் எதிரில் உட்கார்ந்தார். "நீங்கள் எழுதித் தாங்கோ. நீங்கள் எழுதினா நம்புவினம்."